500 டைரக்டரில பேர் இருக்கு, ஒரு போன்கூட வரலையே?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் திருத்தியிருக்கோம், பேச்சு நடை அப்படியே இருக்கு.)

இன்னைக்கு எபிசோட் சின்னதா ஒரு பிசினஸ் வெச்சிருக்கவங்களுக்கு. உங்ககிட்ட பிசினஸ் இல்லைன்னாலும், வீட்ல யாராவது "நீதானே கம்ப்யூட்டர் படிச்சவன், இந்த வெப்சைட்டைக் கொஞ்சம் பாரு"ன்னு உங்க தலையில கட்டியிருந்தா, உங்களுக்கும்தான்.

நான் குன்னூர்க்காரன். வேலை பெங்களூர்ல. ஊருக்குப் போனா சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் கேக்குறது ஒரே கேள்வி. ஒருத்தர் ஹோம்ஸ்டே நடத்துறார், இன்னொருத்தர் ஹோம்மேட் சாக்லேட் போடுறார், இன்னொருத்தர் டீத்தூளும் நீலகிரித் தைலமும் பேக் பண்ணி கூரியர்ல அனுப்புறார். எல்லார் போன்லயும் இதே மாதிரி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் இருக்கு: "வணக்கம் சார், உங்க வெப்சைட்டை 500 டைரக்டரில சப்மிட் பண்ணித் தர்றோம், கூகுள்ல முதல் பக்கம் கேரண்டி." கேக்குறது சில ஆயிரம் ரூபாய். "இதைப் பண்ணலாமா தம்பி?" இதுதான் கேள்வி.

பதிலை முதல்லயே சொல்லிடுறேன். அந்த 500 வேண்டாம். ஆனா டைரக்டரியே வேண்டாம்னு நான் சொல்லல. ஒரு ஏழெட்டு இடத்துல உங்க பேர் சரியா இருக்கணும், அதை நீங்களே பண்ணணும். ஏன் 500 வேண்டாம், அந்த ஏழெட்டு எது, ஏன் நீங்களே பண்ணணும், இந்த மூணையும்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

டைரக்டரின்னா முதல்ல என்ன?

வெப்சைட் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே டைரக்டரி இருக்கு. எங்க குன்னூரையே எடுத்துக்கோங்க. தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கம், உபாசின்னு சொல்வோம், 1893ல ஆரம்பிச்சது. அதோட தலைமை அலுவலகம் குன்னூர்ல கிளென்வியூல இருக்கு. அவங்க பிளான்டிங் டைரக்டரின்னு ஒரு புத்தகம் போட்டிருக்காங்க. எந்த எஸ்டேட் எங்க இருக்கு, யாரோடது, எவ்வளவு ஏக்கர், இந்த மாதிரி விவரங்கள். டீ வாங்குறவங்க, மெஷின் விக்கிறவங்க மாதிரி ஆளுங்க ஏன் அந்தப் புத்தகத்தைத் திறப்பாங்க? அதுல இருக்கற தகவல் அவங்க வேலைக்கு வேணும். அதனால அதுல உங்க எஸ்டேட் பேர் இருந்தா அதுக்கு ஒரு மதிப்பு.

இதை மனசுல வெச்சுக்கோங்க. ஒரு டைரக்டரியை யாரோ ஒருத்தர் ஒரு தேவைக்காகத் திறக்கணும். அப்பதான் அதுல பேர் இருக்கறதுல அர்த்தம் இருக்கு.

இப்ப இன்டர்நெட்டுக்கு வருவோம். 1994ல ஸ்டான்ஃபோர்டுல படிச்சிட்டிருந்த ஜெர்ரி யாங், டேவிட் ஃபிலோ ரெண்டு பேரும் தங்களுக்குப் பிடிச்ச வெப்சைட்டுகளை வகை வகையா பிரிச்சு ஒரு பட்டியல் போட்டாங்க. அதுதான் பின்னாடி யாஹூ ஆச்சு. அப்ப தேடுபொறி எல்லாம் சுமார்தான். அதனால ஒரு மனுஷன் உக்காந்து பாத்து "இது டிராவல், இது ஓட்டல்"ன்னு பிரிச்சு வெச்ச பட்டியலுக்குப் பெரிய மரியாதை. ஒரு கட்டத்துல கமர்ஷியல் சைட்டா இருந்தா அந்தப் பட்டியல்ல சேத்துக்கறதுக்கு வருஷம் 299 டாலர் வாங்கினாங்க. அதையும் கொடுத்துச் சேர ஆள் இருந்தாங்க.

1998ல இன்னொண்ணு வந்துச்சு, டிமாஸ். ஓப்பன் டைரக்டரி ப்ராஜெக்ட்னு சொல்வாங்க. இதுல காசு கிடையாது. உலகம் முழுக்க தன்னார்வலர்கள் எடிட்டரா இருந்து ஒவ்வொரு சைட்டையும் பாத்துச் சேப்பாங்க. நீங்க சப்மிட் பண்ணிட்டு மாசக்கணக்கா காத்திருக்கலாம், ரிஜெக்டும் ஆகலாம். அது மூடுற நேரத்துல 38 லட்சத்துக்கு மேல சைட், 90,000க்கு மேல எடிட்டர்கள் சேந்த கணக்கு இருந்துச்சு. கூகுளே அந்த டேட்டாவை எடுத்து "கூகுள் டைரக்டரி"ன்னு ஒண்ணை 2011 வரைக்கும் நடத்துச்சு.

லிங்க் எப்படி சரக்கு ஆச்சு

அதே 1998லதான் லாரி பேஜ், செர்ஜி பிரின் ரெண்டு பேரும் பேஜ்ரேங்க்னு ஒரு ஐடியாவோட வர்றாங்க. ஐடியா சிம்பிள். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தா அது ஒரு ஓட்டு மாதிரி. நல்ல பேர் இருக்கற பக்கம் கொடுத்த ஓட்டுக்கு மதிப்பு ஜாஸ்தி. நம்ம ஊர்ல சொல்ற மாதிரிதான். நாலு பேர் "அந்தக் கடை வர்க்கி நல்லாருக்கும்"னா ஒரு நம்பிக்கை வரும். அதுவே பேக்கரி வெச்சிருக்கறவரே சொன்னா இன்னும் நம்பிக்கை.

டிமாஸ், யாஹூ மாதிரி ஆள் பாத்துச் சேக்குற டைரக்டரில இருந்து வர்ற லிங்க் அப்ப நல்ல ஓட்டு. அதைப் பாத்துட்டு ஒரு கூட்டம் என்ன பண்ணுச்சு? "டைரக்டரி லிங்க்குக்கு மதிப்பு இருக்கா? சரி, நாமளே டைரக்டரி தொடங்குவோம்"னு ஆயிரக்கணக்குல ஆரம்பிச்சாங்க. ரெடிமேட் ஸ்கிரிப்ட் கிடைக்கும். டொமைன் வாங்கு, ஸ்கிரிப்ட் போடு, யார் வந்தாலும் சேத்துக்கோ. எடிட்டர் இல்ல, ரிஜெக்ட் இல்ல. அந்தப் பட்டியலைத் திறந்து ஓட்டல் தேடுற மனுஷனும் இல்ல. சைட் வெச்சிருக்கறவங்க மட்டும் வந்து பேர் எழுதிட்டுப் போவாங்க. தொட்டபெட்டா பாறையில பேர் கிறுக்கிட்டு வர்ற மாதிரி. கிறுக்கினவங்களைத் தவிர வேற யாரும் அதைப் படிக்கிறதில்ல.

கூகுள் இதைப் பாத்துட்டு சும்மா இருக்கல. 2012 ஏப்ரல்ல பெங்குவின்னு ஒரு அப்டேட் வந்துச்சு. இந்த மாதிரி செயற்கையா லிங்க் சேத்த சைட்டுகள் தேடல் முடிவுகள்ல கீழ போச்சு. அந்த வருஷம் அக்டோபர்ல டிஸ்அவோன்னு ஒரு டூல் கொடுத்தாங்க, "இந்த லிங்க் எல்லாம் என் கணக்குல சேக்காதீங்க"ன்னு சொல்றதுக்கு. காசு கொடுத்து வாங்கின லிங்க்கை, திரும்பக் காசு கொடுத்து ஆள் வெச்சு நீக்கினவங்க நிறைய பேர். 2016ல பெங்குவின் கூகுளோட மெயின் சிஸ்டத்துலயே சேந்துடுச்சு. அதுக்கப்புறம் பெரும்பாலும் மொத்த சைட்டையும் கீழ தள்றதுக்குப் பதிலா, அந்த மோசமான லிங்க்கை மதிப்பே இல்லாததா எடுத்துக்கும். கூகுளோட ஸ்பேம் விதிகள்ல "தரம் குறைந்த டைரக்டரி லிங்க்"னு இன்னைக்கும் பேர் சொல்லியே எழுதி வெச்சிருக்காங்க.

யாஹூ டைரக்டரி 2014 டிசம்பர்ல மூடினாங்க. டிமாஸ் 2017 மார்ச்ல மூடிடுச்சு. ஒரிஜினல் ரெண்டும் போயாச்சு. ஆனா அதைப் பாத்து காப்பி அடிச்ச கூட்டத்தோட மிச்சம்தான் இன்னைக்கு "500 டைரக்டரி பேக்கேஜ்"னு உங்க வாட்ஸ்அப்புக்கு வருது. ஃப்ரீயா கொடுத்தாலும் பெரும்பாலும் அதுல பலன் ஒண்ணும் இல்ல.

தமிழ்ல நடந்த நல்ல டைரக்டரி

எல்லா டைரக்டரியும் இப்படியான்னா, இல்ல. தமிழ்லயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 2004ல காசி ஆறுமுகம் தமிழ்மணம்னு ஒரு திரட்டியை ஆரம்பிச்சார். தமிழ்ல யாரெல்லாம் வலைப்பதிவு எழுதுறாங்களோ அவங்க புதுப் பதிவு எல்லாம் ஒரே இடத்துல வந்து நிக்கும். அந்தக் காலத்துல பிளாக் எழுதின அண்ணன்மார், அக்காமார்கிட்ட கேட்டுப் பாருங்க. தமிழ்மணத்துல சேந்த அன்னைக்கு எத்தனை பேர் புதுசா வந்து கமென்ட் போட்டாங்கன்னு இன்னும் ஞாபகம் வெச்சுச் சொல்வாங்க. வாராவாரம் ஒருத்தரை நட்சத்திரப் பதிவரா வெப்பாங்க. அதுக்காகவே அந்த வாரம் முழுக்க உக்காந்து எழுதுவாங்க.

அதுல சேந்தா ட்ராஃபிக் வந்துச்சு. ஏன் வந்துச்சு? தமிழ் படிக்கணும்னு ஆசை இருக்கற ஆளுங்க காலையில எழுந்து காபியோட அந்தப் பக்கத்தைத் திறந்தாங்க. அவங்கதான் ட்ராஃபிக். எஸ்இஓ எல்லாம் ரெண்டாம்பட்சம். அப்புறம் ஜனங்க ஃபேஸ்புக், ட்விட்டர்னு போனதும் அந்தப் பழக்கம் போயிடுச்சு, ட்ராஃபிக்கும் கூடவே போயிடுச்சு.

கோத்தகிரி அக்காவோட எக்ஸெல் ஷீட்

இப்ப இதைத் தரையில இறக்கிப் பாப்போம். கோத்தகிரி பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா மூணு ரூம் வெச்சு ஹோம்ஸ்டே நடத்துறாங்க. ஒரு ஏஜென்சிகிட்ட இந்த 500 டைரக்டரி வேலையைக் கொடுத்திருந்தாங்க. முடிஞ்சதும் ஒரு எக்ஸெல் ஷீட் வந்துச்சு. 500 வரி, எல்லாத்துலயும் பச்சைக் கலர்ல "டன்". அதை எனக்கு ஃபார்வர்ட் பண்ணி, "ரெண்டு மாசம் ஆச்சு, ஒரு போன்கூட வரலையே தம்பி"ன்னாங்க.

நான் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி அந்த லிங்க் எல்லாத்தையும் ஓட விட்டேன். திறக்கவே திறக்காத சைட் ஒரு பக்கம். திறந்தாலும் அக்காவோட பேர் இல்லாத சைட் இன்னொரு பக்கம். பேர் இருந்த இடத்துல ஒண்ணுல ரியல் எஸ்டேட் பிரிவுல இருக்காங்க, இன்னொண்ணுல வெளிநாட்டு ஊர் பட்டியல்ல இருக்காங்க. சரி, இது வரைக்கும் நான் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பார்க்காதது என்னன்னா, அந்த லிஸ்டிங் எல்லாமே ஏஜென்சியோட ஈமெயில்ல பதிவாகியிருக்கு. பாஸ்வேர்ட் அவங்ககிட்ட. இதுக்கு நடுவுல அக்கா பழைய சிம்மை விட்டுட்டு வேற நம்பர் மாத்திட்டாங்க, ஏன்னா பழைய நெட்வொர்க் அந்த மலைச்சரிவுல சரியா கிடைக்கல. இப்ப அந்தப் பழைய நம்பர் நூத்துக்கணக்கான பக்கத்துல உக்காந்திருக்கு. மாத்த முடியல. ஏஜென்சிக்கு போன் போட்டா எடுக்கறதில்ல.

இதுல என்ன பெரிய விஷயம்னு தோணலாம். நாம விட்டுட்ட மொபைல் நம்பரை 90 நாள் கழிச்சு வேற ஒருத்தருக்குக் கொடுக்கலாம், அதுதான் நம்ம நாட்டு விதி. யாரோ ஒரு குடும்பம் மே மாச லீவுக்கு ரூம் தேடி, ஏதோ ஒரு பழைய பக்கத்துல இருக்கற அந்த நம்பருக்குக் கூப்பிடுறாங்கன்னு வெச்சுக்கோங்க. எடுக்கறவர் நல்ல ஆளா இருந்தா "ராங் நம்பர்"ம்பார். மோசமான ஆளா இருந்தா "ஆமா சார், ரூம் இருக்கு, அட்வான்ஸ் இந்த நம்பருக்கே ஜிபே பண்ணுங்க"ம்பார். அந்தக் குடும்பம் மேட்டுப்பாளையத்துல இருந்து மலை ஏறி ராத்திரி எட்டு மணிக்குக் குழந்தையோட அக்கா வீட்டு வாசல்ல வந்து நிக்கும். புக்கிங் இருக்காது. ரிவ்யூல ஒரு ஸ்டார் விழுறது அக்காவுக்கு.

அக்காவுக்கு இது நடக்கல. ஆனா நடக்க எல்லா வழியும் திறந்து கெடக்கு. ஓட்டல் நம்பர், கஸ்டமர் கேர் நம்பர்னு பொய் நம்பரைப் போட்டுக் காசு பிடுங்குற மோசடி நாம எல்லாரும் செய்தில பாக்குறதுதான். வீட்டுப் பட்டா யார் பேர்ல இருக்குன்னு கேக்குற மாதிரி, லிஸ்டிங் யார் பேர்ல இருக்குன்னும் கேக்கணும். சில ஆயிரம் ரூபாய் போச்சுங்கறதைவிட, நம்ம பேரும் நம்பரும் நம்ம கையில இல்லைங்கறதுதான் எனக்குப் பெரிய பிரச்சினையா தெரியுது.

சரி, எந்த ஏழெட்டு?

முதலாவது, கூகுள் பிசினஸ் புரொஃபைல். முன்னாடி கூகுள் மை பிசினஸ்னு இருந்துச்சு, 2021ல பேர் மாத்தினாங்க. மேப்ல வர்ற அந்தக் கார்டுதான். இன்னைக்கு உண்மையான டைரக்டரி அதுதான், ஏன்னா மனுஷங்க அங்கதான் தேடுறாங்க. யாரை மேல காட்டணும்னு கூகுள் மூணு விஷயம் பாக்குறதா சொல்லுது: தேடினதுக்கு நீங்க எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், எவ்வளவு தெரிஞ்ச பேர்.

இதுல சில விதிகள் இருக்கு. யாருமே அங்க இல்லாம சாவியை மட்டும் கொடுக்குற வாடகை வீட்டுக்கு புரொஃபைல் போடக் கூடாது. வாடிக்கையாளரை நேர்ல பாக்காத, முழுக்க ஆன்லைன்ல மட்டும் டீ விக்கிறவங்களுக்கும் கிடையாது. பேர்ல "ஊட்டி பெஸ்ட் பட்ஜெட் ஹோம்ஸ்டே லேக் பக்கத்தில்"னு எல்லாம் அடுக்கக் கூடாது. போர்டுல என்ன எழுதியிருக்கோ அதுதான் பேர். மீறினா புரொஃபைலையே முடக்கலாம், அதுவும் சீசன் நேரத்துல நடந்தா அவ்வளவுதான்.

ரெண்டாவது, ஜஸ்ட்டயல், சுலேகா. 1996ல மும்பையில ஆரம்பிச்ச ஜஸ்ட்டயல்ல முதல்ல போன் பண்ணித்தான் கேப்போம், ஞாபகம் இருக்கா? சுலேகா சென்னைக் கம்பெனி. கோயம்புத்தூர், திருப்பூர் ஆளுங்க டாக்ஸி, கேட்டரிங், பெயின்டர்னு தேட இன்னும் இதைப் பயன்படுத்துறாங்க. ஃப்ரீ லிஸ்டிங் போடுங்க. பெய்டு எடுக்கச் சொல்லி போன் வரும், அதை அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்க.

மூணாவது, மொத்தமா டீ, தைலம் விக்கிறவங்களுக்கு இந்தியாமார்ட். ராஜஸ்தான்ல, குஜராத்ல இருக்கற வியாபாரி தேடுற இடம் அது. ரூம் வாடகைக்கு விடுறவங்களுக்கு அது தேவையே இல்ல.

நாலாவது, தங்குற இடம்னா டிரிப்அட்வைசர், அப்புறம் புக்கிங் சைட் ஒண்ணோ ரெண்டோ. இவங்க கமிஷன் எடுப்பாங்க. அதனால இதை விளம்பரச் செலவு மாதிரி பாருங்க. ஒரு தடவை வந்த விருந்தாளி அடுத்த தடவை நேரா உங்களுக்கே போன் பண்ற மாதிரி நடந்துக்கிட்டா கமிஷன் மிச்சம்.

அஞ்சாவது, தமிழ்நாடு சுற்றுலாத் துறையில ஹோம்ஸ்டே பதிவு. இதுல ட்ராஃபிக் கொட்டாது. ஆனா "இவங்க முறையா நடத்துறாங்க"ன்னு காட்ட ஒரு அரசாங்கப் பதிவு கையில இருக்கும்.

ஆறாவது பிங், ஏழாவது ஆப்பிள் மேப்ஸ். ரெண்டும் சேந்து அரை மணி நேர வேலை. எட்டாவது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். விக்கிபீடியா மாதிரி யார் வேணா திருத்தலாம். நிறைய ஆப் பின்னாடி இந்த மேப்தான் ஓடுது. நம்ம எஸ்டேட் ரோடு, கோயில், பஸ் ஸ்டாப் எல்லாம் அதுல சரியா இருந்தா ஊருக்கே நல்லது.

இதுக்கு மேல யாராவது ஒரு டைரக்டரி பேர் சொன்னா, மூணு கேள்வி கேளுங்க. அந்த சைட்ல போய் "கோத்தகிரி"ன்னு தேடினா உருப்படியா நாலு இடம் வருதா? யாரையாவது ரிஜெக்ட் பண்ணுவாங்களா? நான் டூர் போறப்ப இதைத் திறப்பேனா? மூணுக்கும் "இல்ல"ன்னா விட்டுடுங்க.

ஒரே ஊருக்கு நாலு பேர்

நீலகிரிக்குன்னே ஒரு தனிப் பிரச்சினை இருக்கு. ஊட்டியை எத்தனை பேர்ல எழுதுறோம்னு பாருங்க. ஊட்டி, உதகை, உதகமண்டலம், இங்கிலீஷ்காரன் வெச்ச ஊட்டகமண்ட். ரயில் டிக்கெட்ல உதகமண்டலம், பஸ் போர்டுல உதகை, டூரிஸ்ட் தேடுறது ஊட்டி. இங்கிலீஷ்ல எழுதினா அதுக்குள்ள இன்னும் நாலு ஸ்பெல்லிங்.

எஸ்இஓல "பேர், முகவரி, போன்" மூணும் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும்னு சொல்வாங்க. கம்ப்யூட்டர் பக்கம் இருந்து யோசிச்சுப் பாருங்க. ஒரு இடத்துல "உதகமண்டலம் 643001", இன்னொரு இடத்துல "ஊட்டி", மூணாவது இடத்துல எஸ்டேட் பேரும் போஸ்ட்டும் மட்டும். இது மூணும் ஒரே கடைதான்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஊகிக்கும். சில நேரம் தப்பா ஊகிக்கும். மேப்ல ஒரே ஹோம்ஸ்டே ரெண்டு புள்ளியா வர்றதை நீங்களே பாத்திருப்பீங்க. ரிவ்யூ பாதி இங்க, பாதி அங்க.

அதனால முகவரியை ஒரு தடவை எழுதி நோட்ஸ்ல வெச்சுக்கோங்க. கமா, பின்கோடு உள்பட அதையே எல்லா இடத்துலயும் காப்பி பேஸ்ட் பண்ணுங்க. ஊர்ப் பேரோட மத்த வடிவங்களை உங்க சைட்ல எழுத்துக்குள்ள இயல்பா வர விடுங்க: "உதகையில் இருந்து குன்னூர் வர்ற வழியில"ன்னு ஒரு வாக்கியம் போதும்.

அடுத்து மேப் புள்ளி. நம்ம ஊர்ல கதவு எண், தெரு எல்லாம் எங்க இருக்கு? "அந்த சில்வர் ஓக் மரத்துக்கு மேல லைன்"னுதானே சொல்வோம். மேப்ல புள்ளி அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தா சமவெளில பரவாயில்ல, நடந்து வந்துடலாம். மலையில அரை கிலோமீட்டர்ங்கறது பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம். சுத்தி வர ரோடு எத்தனையோ கிலோமீட்டர். இருட்டுல எஸ்டேட் ரோட்டுல வண்டி மாட்டிக்கும், அங்க யானையோ காட்டெருமையோ நிக்கும். அதனால வீட்டு கேட்ல நின்னு போன்ல மேப்பைத் திறந்து புள்ளியை நீங்களே நகத்துங்க. கூகுள் மேப்ல பிளஸ் கோடுன்னு ஒரு சின்னக் குறியீடு வரும், அதையும் விருந்தாளிக்கு அனுப்புங்க. 500 டைரக்டரியால வராத நல்ல ரிவ்யூ இந்த ஒரு வேலையால வரும்.

அப்ப லிங்க்கே வேண்டாமா?

வேணும். ஆனா அது தானா வர்ற மாதிரி ஒரு பக்கம் எழுதுங்க. மலைக்கு வர்றவங்க என்ன தேடுறாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா?

2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் கட்டாயம்னு ஹைகோர்ட் உத்தரவு வந்துச்சு. 2025 சீசனுக்கு வார நாள்ல 6,000 வண்டி, வார இறுதில 8,000னு ஊட்டிக்கு உச்சவரம்பும் வெச்சாங்க. அப்ப ஜனங்க எதைத் தேடியிருப்பாங்க? "இ-பாஸ் எப்படி எடுக்கறது, பைக்குக்கு வேணுமா, பஸ்ல வந்தா வேணுமா". இதுக்கு ஒரு பக்கம், தெளிவான தமிழ்ல, விதி மாறினா தேதி போட்டுத் திருத்துற மாதிரி உங்க சைட்ல இருந்தா, அதை ஒரு டூர் குரூப்காரர் ஷேர் பண்ணுவார், ஒரு டிராவல் பிளாக்காரர் லிங்க் கொடுப்பார். அந்த ஒரு லிங்க்குக்கு இருக்கற மதிப்பு அந்த எக்ஸெல் ஷீட் மொத்தத்துக்கும் கிடையாது.

இதே மாதிரி நிறைய இருக்கு. சீசன்ல மேட்டுப்பாளையத்துல இருந்து ஏற குன்னூர் ரோடு, இறங்க கோத்தகிரி ரோடுன்னு ஒருவழி மாத்துவாங்க. வடகிழக்குப் பருவமழைல மண் சரிஞ்சு மலை ரயில் ரத்தாகும். யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கற ரயில்னு ஆசையா வந்தவங்க மேட்டுப்பாளையம் ஸ்டேஷன்ல முழிச்சிட்டு நிப்பாங்க, "இப்ப என்ன பண்றது"ன்னு. பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வரலாமா, எந்த மாசம் குளிர் எப்படி, மாத்திரை கடை எத்தனை மணிக்கு மூடும். இது எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. பெங்களூர்ல ஏசி ரூம்ல உக்காந்து எழுதுற ஏஜென்சிக்குத் தெரியாது.

டீ விக்கிறவங்களுக்கும் இதேதான். "ஊட்டி டீ"ன்னு மட்டும் பிடிச்சு மேல வர்றது கஷ்டம். ரேஷன் கடையில விக்கிற இன்கோசர்வோட ஊட்டி டீயில இருந்து பெரிய ஆன்லைன் கடைங்க வரைக்கும் அதே வார்த்தையில நிக்குது. ஆனா "குளிர்கால ஃப்ராஸ்ட் டீன்னா என்ன, அதுக்கு ஏன் வாசனை அதிகம்"னு தோட்டத்துப் போட்டோவோட எழுதுங்க. தேடி வர்ற ஆள் குறைவாதான் இருப்பாங்க, வர்றவங்க வாங்குற ஆளா இருப்பாங்க.

இன்னொண்ணு. சொந்தமா ஒரு வெப்சைட் வெச்சுக்கோங்க, சின்னதா ஒரே பக்கமா இருந்தாலும் பரவாயில்ல. கூகுள் பிசினஸ் புரொஃபைலோட ஃப்ரீயா ஒரு வெப்சைட் கொடுத்துட்டிருந்தாங்க, 2024 மார்ச்ல அதை நிறுத்திட்டாங்க. அதை மட்டுமே நம்பியிருந்த கடைக்காரங்களுக்கு சைட்டே இல்லாம போச்சு. டொமைன் உங்க பேர்ல, உங்க ஈமெயில்ல இருக்கட்டும்.

இந்த வார இறுதி வேலை

நோட் பண்ணிக்கோங்க.

1. உங்க பிசினஸ் பேரையும், பழைய போன் நம்பரையும் தனித்தனியா கூகுள்ல தேடுங்க. எங்கெல்லாம் தப்பா இருக்குன்னு எழுதுங்க. முதல் ரெண்டு மூணு பக்கத்துல வர்றதை மட்டும் திருத்தினா போதும், மீதி யார் கண்ணுலயும் படாது.

2. பழைய நம்பர் இன்னும் உங்ககிட்ட இருந்தா, சின்ன ரீசார்ஜ் போட்டு உயிரோட வெச்சுக்கோங்க. எல்லா இடத்துலயும் மாத்தின அப்புறம் விடுங்க.

3. பிசினஸ் புரொஃபைல் ஓனர் யாருன்னு பாருங்க. ஏஜென்சி ஈமெயில் இருந்தா உங்க ஈமெயிலை ஓனரா மாத்தி, அவங்களை வெறும் மேனேஜரா வைங்க.

4. சர்ச் கன்சோல் போட்டு விடுங்க, ஃப்ரீதான். ஜனங்க எந்த வார்த்தை தேடி உங்ககிட்ட வர்றாங்கன்னு அதுல தெரியும். அடுத்து எந்தப் பக்கம் எழுதணும்னு அதுவே சொல்லும்.

5. போன்ல கூப்பிடுற ஒவ்வொருத்தரையும் "எங்களை எப்படித் தெரிஞ்சுது?"ன்னு கேட்டு ஒரு நோட்டுல எழுதுங்க. மூணு மாசம் கழிச்சுப் பாருங்க. எந்த டைரக்டரி வேலை செய்யுதுன்னு எந்த ரிப்போர்ட்டையும்விட அந்த நோட்டு நேர்மையா சொல்லும்.

அக்கா இப்ப அந்தப் பழைய சிம்மை ஒரு பட்டன் போன்ல போட்டு சமையல்கட்டு ஜன்னல்ல வெச்சிருக்காங்க, அங்கதான் டவர் கிடைக்குது. மேப் புள்ளியை நகத்தியாச்சு. இ-பாஸ் பக்கம் எழுத ஆரம்பிச்சிருக்காங்க. தமிழ் அவங்க எழுதுறாங்க, இங்கிலீஷ் அவங்க பொண்ணு.

உங்க வீட்ல, தெருவுல யாருக்காவது அந்த "500 டைரக்டரி" மெசேஜ் வந்திருந்தா, காசு அனுப்புறதுக்கு முன்னாடி இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்பி விடுங்க. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, தமிழ்லயே கேளுங்க. அடுத்த எபிசோட்ல சர்ச் கன்சோலைத் திறந்து வெச்சுக்கிட்டு, அதுல வர்ற நம்பர் ஒவ்வொண்ணுக்கும் என்ன அர்த்தம்னு பாப்போம். அது வரைக்கும், வரட்டுமா மக்களே!